முழு ஆடா, பங்குக் கறியா, கடைக் கிலோவா?

கிறிஸ்மஸ் நெருங்கினால் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் திருவட்டார் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் கறிக்கு என்ன ஏற்பாடு? கடையில் கிலோ கணக்கில் வாங்கலாம். வளர்க்கிறவரிடம் முழு ஆட்டையே பிடித்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். நாலைந்து வீடு சேர்ந்து பிடித்துப் பங்கு போடலாம். மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

முதலில் காசு. வளர்க்கிறவரிடம் வாங்கினால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆட்டுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. 20 கிலோ உயிர் எடையுள்ள வெள்ளாட்டுக் கிடாவை உரித்தால் எலும்போடு 9 கிலோ கறி தேறும், நல்ல கொழுத்த கிடா என்றால் 10. கணக்குக்காக உயிர் எடை கிலோ 450 ரூபாய் என்று வைப்போம். ஆட்டுக்கு 9,000, வெட்டிக் கொடுக்க 500. 9 கிலோ கறிக்கு வகுத்தால் கிலோ 1,055 ரூபாய். உங்கள் ஊர்க் கடை விலையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாபம் என்று ஒன்று இருந்தால் அது தலை, கால், குடல், ஈரல், ரத்தத்தில்தான் இருக்கிறது. குடல் கழுவ ஆள் இல்லாத வீட்டுக்கு முழு ஆடு நஷ்டம்.

ஆட்டுக்குப் பதில் பன்றி பிடித்தால் கணக்கே வேறு. 100 கிலோ பன்றியில் 70 கிலோவுக்கு மேல் இறைச்சி நிற்கும். ஆட்டுக்கு நாலு அறை வயிறு, அது நிறையத் தழை. அந்தத் தழைக்கும் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். அதனால் ஆட்டை எடை போடுவதாக இருந்தால் காலையில், மேய்ச்சலுக்கு அவிழ்க்கும் முன்பே போய்விடுங்கள். வாயையும் திறந்து பாருங்கள். முன்பற்கள் எல்லாம் பால்பல்லாக இருந்தால் ஒரு வயதுக்குள் இருக்கும், கறி இளசாக இருக்கும். விதையடித்த கிடாவா என்று கேளுங்கள், வாடை குறைவு.

கடையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அரைக் கிலோ வேண்டுமா, அரைக் கிலோ. தொடைதான் வேண்டுமா, கேட்டு வாங்கலாம். ஆனால் பண்டிகைக் காலையில் வரிசையில் நிற்கும்போது அது கிடாவா, கிழட்டுப் பெட்டையா என்று யார் பார்க்க முடியும்? தோட்டத்தில் பலா இலையும் அயனி இலையும் தின்று வளர்ந்த ஆட்டை நாமே பார்த்துப் பிடிப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

அப்படி நினைத்துத்தான் 2017 நவம்பரில் முழுக் கிடா ஒன்றைப் பிடித்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரை நிறைத்தேன். நவம்பர் 30 அன்று ஒக்கி புயல். ரப்பர் மரங்கள் முறிந்து கம்பிகள் மேல் கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரம் ஆனது. முதல் இரண்டு நாளில் சமைத்தும் அக்கம்பக்கம் கொடுத்தும் தீர்த்தது போக, மீதியைக் குழி தோண்டிப் புதைத்தேன். ஆசையாகப் பார்த்துப் பிடித்த ஆடு அது. இன்றும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

ஃப்ரீசரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வெட்டிய சில மணி நேரத்தில் சதை விறைத்துக்கொள்ளும். அந்த நிலையிலேயே உறைய வைத்தால் கறி ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து, விறைப்பு விட்ட பிறகு, ஒரு வேளைக்கு ஆகிற அளவாகக் கட்டி மேலே ஏற்ற வேண்டும். பன்றிக் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைவிடச் சீக்கிரம் காறும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

பங்குக் கறிக்கு ஃப்ரீசரே வேண்டாம். 20 கிலோ கிடாவை நாலு வீடு பிரித்தால் வீட்டுக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அன்றைக்கு வறுத்தரைத்த குழம்பு, மறுநாள் மிச்சத்தை மரச்சீனிக் கிழங்கோடு, அவ்வளவுதான். பன்றி என்றால் எட்டு வீடாவது சேர வேண்டும், அப்போதும் வீட்டுக்கு 9 கிலோ பக்கம் வரும். எல்லாக் கூறிலும் தொடை, நெஞ்செலும்பு, கொழுப்பு கலந்து வருவதால் தேர்ந்தெடுக்க முடியாது என்பது ஒரு குறைதான். வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும், எலும்பு கடிக்க முடியாத பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கும் ஒரே கூறு எப்படிச் சரியாகும்? எங்கள் கூட்டத்தில் அதை வாய்விட்டுப் பேசி மாற்றிக்கொள்கிறோம்.

வெட்டுவதைக் கொல்லைப்புறத்தில் வைக்காமல் உரிமம் உள்ள இடத்தில் கொடுப்பது நல்லது. 2001-இன் மத்திய அரசு இறைச்சிக்கூட விதிகள் சொல்வதும் அதுதான். சினை ஆட்டையும் மூன்று மாதம் ஆகாத குட்டியையும் வெட்டக்கூடாது என்றும் அதில் இருக்கிறது.

எனவே என் முடிவு: இரண்டு பேர் உள்ள வீட்டுக்குக் கடை, பண்டிகைக்குப் பங்கு. கூட்டுக் குடும்பமும் ஜெனரேட்டரும் இருந்தால் மட்டும் முழு ஆடு. பங்கு என்றால் ஈரல் யாருக்கு, தலையும் காலும் யாருக்கு, அதற்கு எவ்வளவு கழிப்பது என்பதை ஆட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். நாங்கள் தலையை வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறோம், இந்த வருஷம் எங்கள் முறை.