ஹியூகோவில் வலைப்பதிவு: எழுதுவது சுகம், அப்டேட்தான் தலைவலி

சொந்தமாக வலைப்பதிவு தொடங்க ஹியூகோ (உரைக் கோப்புகளை வலைத்தளமாக மாற்றித் தரும் இலவசக் கருவி) சரிவருமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மார்க்டவுன் கோப்பு (எளிய குறிகளோடு எழுதும் உரைக் கோப்பு) எப்படி வலைப்பக்கம் ஆகிறது என்பது அவருக்குத் தெரியும். நீண்டநாள் புழங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

எழுதும் நேரத்தில் இதற்கு இணை இல்லை. கோப்பைச் சேமித்த நொடியே உலாவியில் பக்கம் மாறிவிடுகிறது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் சேர்ந்த பிறகும் பில்ட் ஆக, அதாவது முழுத் தளமும் உருவாக, ஒருசில நொடிகள் போதும். தரவுத்தளம் இல்லை, ஓட்டை விழும் பிளகின் இல்லை. எல்லாம் வெறும் உரைக் கோப்பு. நாளைக்கே வேறு கருவிக்குப் போனாலும் ஒரு வரிகூடத் தொலையாது.

எரிச்சல் எல்லாம் பதிப்பு எண்ணில் இருக்கிறது. 2013-இல் வந்த கருவி இது. பதிப்பு எண் இன்னமும் சுழியத்தில்தான் தொடங்குகிறது. அதாவது, கருவி இன்னும் நிலைபெறவில்லை, எந்த அப்டேட்டிலும் எதுவும் மாறலாம். 0.128-இல் பக்கப் பிரிப்பு அமைப்பின் பெயர் மாறியது. 0.146-இல் வார்ப்புருக்களை (பக்கம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் கோப்புகளை) வைக்கும் அடைவு முறையே மாறியது. கைவிடப்படும் ஓர் அமைப்பை ஹியூகோ முதலில் ‘தகவல்’ என்றுதான் சொல்லும், சில பதிப்புகள் கழித்து ‘எச்சரிக்கை’ என்னும், கடைசியில் ‘பிழை’ என்று பில்டை நிறுத்திவிடும். முறை நியாயமானதுதான். ஆனால் அந்த முதல் கட்டத் தகவல் இயல்பாகத் திரையில் வருவதே இல்லை! லாக் லெவலை (எவ்வளவு செய்தி காட்ட வேண்டும் என்ற அளவை) ‘இன்ஃபோ’ என்று மாற்றி ஓட்டினால்தான் தெரியும். நம் கோப்புகளில் தவறு இருக்காது. ஆனால் இலவசமாக எடுத்த ‘தீம்’ (தளத்துக்குத் தோற்றம் தரும் வார்ப்புருத் தொகுப்பு) எழுதியவர் அதைக் கவனிப்பதை விட்டிருப்பார். நாம் தொடவே தொடாத வார்ப்புருவின் ஏதோ ஒரு வரியில் பிழை காட்டும்.

மருந்து உண்டு. எந்தப் பதிப்பில் தளம் ஓடுகிறதோ அந்த எண்ணைப் பூட்டிவிட வேண்டும், கணினியிலும் பில்ட் நடக்கும் சேவையிலும் ஒரே எண்ணாக. ஹியூகோ ஒற்றை நிரல் கோப்பு என்பதால் அந்தக் கோப்பையே தனியே எடுத்து வைக்கலாம். தீம் சாஸை (தோற்றத்தை எழுதும் ஒரு மொழியை) லிப்சாஸ் என்ற மாற்றி வழியாகப் பயன்படுத்தினால் ‘எக்ஸ்டெண்டட்’ பதிப்புதான் வேண்டும். தீம் அடைவுக்குள் கை வைக்காதீர்கள். மாற்ற வேண்டிய வார்ப்புருவை மட்டும் உங்கள் லேஅவுட்ஸ் அடைவில் அதே பாதையில் நகலெடுத்து மாற்றினால் அதற்கே முன்னுரிமை. ‘தீம்’ தொகுப்பை கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சப்மாட்யூலாக, அதாவது உள்ளிணைத்த தனிக் களஞ்சியமாகச் சேர்த்திருந்தால், வேறு கணினியில் குளோன் செய்யும்போது (நகலெடுக்கும்போது) சப்மாட்யூலையும் சேர்த்து இழுக்க வேண்டும். இல்லையேல் தீம் அடைவு காலியாக இருக்கும்.

புதியவர்களைக் குழப்புவது தேதி. கையால் தேதியும் நேரமும் எழுதி நேர மண்டலத்தை விட்டுவிட்டால் ஹியூகோ அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் கடிகாரம் யுடிசிக்கு முந்தியது என்றால், இப்போது எழுதிய கட்டுரை ‘எதிர்காலக் கட்டுரை’ ஆகி வெளிவராது. நேரம் வந்ததும் தானாகத் தோன்றும் என்றும் காத்திருக்க வேண்டாம். மறுபடி பில்ட் ஓடினால்தான் வரும். அமைப்புக் கோப்பில் நேர மண்டலத்தை ஒருமுறை எழுதிவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று: உருவான பக்கங்கள் சேரும் பப்ளிக் அடைவை ஹியூகோ தானாகத் துடைப்பதில்லை. வரைவுக்குத் திருப்பிய கட்டுரை அங்கேயே கிடந்து மறுபடி வலையேறும். அந்த அடைவை அழித்துவிட்டு பில்ட் செய்யுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் முகவரியைக் கவனிக்க வேண்டும். கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் முகவரியும் தமிழில் அமையும், பார்க்க அழகுதான். அதை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 9 எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே 45 எழுத்து. கட்டுரைக் கோப்பின் தலைப்பகுதியில் ஸ்லக் (முகவரியில் வரும் பெயர்) என்ற புலத்தில் ரோமன் எழுத்தில் சிறு பெயர் கொடுத்துவிடுங்கள். குறிச்சொற்களில் இன்னும் நுட்பமான சிக்கல். ‘ொ’ ஒரே குறியாகவும் இருக்கலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டு குறியாகவும் இருக்கலாம். பிடிஎஃப்பிலிருந்தோ எழுத்துரு மாற்றியிலிருந்தோ ஒட்டியது பிரிந்து வந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் குறிச்சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் உண்டாகும். குறிச்சொற்களை விசைப்பலகையில் தட்டுவதே நல்லது. ஹியூகோ கணக்கிட்டுக் காட்டும் வாசிப்பு நேரத்தையும் நம்பாதீர்கள். நிமிடத்துக்கு 200-க்கு மேற்பட்ட சொற்கள் என்ற கணக்கு நம் நீளமான சொற்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. வார்ப்புருவிலிருந்து அந்த வரியை நீக்கிவிடலாம்.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். பிழைச் செய்தியைப் படித்து, வார்ப்புருவைத் திறந்து பார்க்கும் பொறுமை இல்லையென்றால் பிளாகரிலேயே (கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவை) தொடங்குங்கள், இன்றைக்கே முதல் கட்டுரை வந்துவிடும். நான் இதை விட்டுப் போவதாக இல்லை. அடுத்த அப்டேட்டை நேரடித் தளத்தில் செய்யாமல், தனிக் கிளையில் (கிட்டில் வைத்த தனி நகலில்) லாக் லெவலை ‘இன்ஃபோ’ ஆக்கி ஓட்டிப் பார்த்த பிறகே பூட்டிய எண்ணை மாற்றுவேன்.