உண்ணி காலர்: வாய்க்கால் நாய்க்கு ஒத்துவருமா?

நாய் கழுத்தில் கட்டும் உண்ணி காலர் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கும்பகோணத்து நண்பர் ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற பதிலாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

புளூமெத்ரின், இமிடாகுளோபிரிட் என்ற இரண்டு பூச்சிமருந்துகள் கலந்த, எட்டு மாதம் உழைக்கும் என்று விற்கிறார்களே, அந்தக் காலரைத்தான் சொல்கிறேன். எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம். நாய் நாட்டு நாய், பெயர் மணி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து காலரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்து, தோலின் எண்ணெய்ப் பசையோடு உடம்பு முழுக்கப் பரவுகிறது. உண்ணி மேலே ஏறினாலே மருந்து பட்டுவிடும். பெரும்பாலும் கடிப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும். உண்ணிக்காக நாய்க்குக் கொடுக்கும் மாத்திரை அப்படியில்லை, உண்ணி கடித்து ரத்தம் உறிஞ்சினால்தான் அதற்குள் மருந்து போகும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற காய்ச்சல் கிருமி கடி வழியாகத்தான் நாய்க்குப் போகிறது என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. பிளேட்லெட் இறங்கி, மூக்கில் ரத்தம் வடிந்து, வாரக்கணக்கில் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து நாயைத் தேற்றியவர்களைக் கேட்டால் தெரியும். காலர் கட்டிய பிறகு மணியின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் பூனை மணியோடு ஒட்டிக்கொண்டு படுக்கும். உண்ணிக்காக நாய் மேல் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு விஷம் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்த வகையிலும் காலர்தான் நிம்மதி.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கல்லணை தாண்டி, வெண்ணாறு, பாமணியாறு என்று பிரிந்து கொஞ்ச நாளில் எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துவிடும். மனிதர்கள் நாற்றங்காலைப் பார்க்கப் போவார்கள். மணி நேராக வாய்க்காலில் குதிக்கும். காலையில் ஒரு முறை, வெயில் ஏறியதும் ஒரு முறை, மாடு குளிப்பாட்டினால் கூடவே இன்னொரு முறை. “தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது சார்” என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் நாய் அடிக்கடி நீந்தினால் மருந்தின் ஆயுள் குறையும் என்று உள்ளே இருக்கிற சீட்டிலேயே போட்டிருக்கிறது, பொடி எழுத்தில். எட்டு மாதம் என்பது மட்டும் டப்பா மேல் கொட்டை எழுத்தில்! குறுவை அறுப்பதற்குள் காதோரம் உண்ணி திரும்பவும் தலைகாட்டியது.

அதைவிட உறுத்துவது மீன். இந்த இரண்டு மருந்துகளுமே நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாதவை, அதிலும் புளூமெத்ரின் மீனுக்குக் கடும் நஞ்சு. ஒரு நாய் இறங்கி வாய்க்கால் கெட்டுவிடாது, ஓடுகிற தண்ணீர். கெண்டைக் குஞ்சு விட்டிருக்கும் குட்டையில் இறங்கினால்? குளிக்கப் போகுமுன் கழற்றிவிடுங்கள் என்கிறார்கள். மணி என்னிடம் சொல்லிவிட்டா போகிறது?

நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலர் நாயைத்தான் காக்கும், வீட்டைக் கழுவித் தராது. நாய் உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் வெடிப்பிலும் திண்ணை இடுக்கிலும்தான் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடைத்து, நாய் படுக்கிற சாக்கை எரித்த பிறகுதான் எங்களுக்குச் சுவரேறும் உண்ணி நின்றது. மனிதர்மேல் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

உண்ணிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிற ஸ்க்ரப் டைபஸ் வேறு கதை. அதைப் பரப்புவது புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு. நாய்க்குக் காலர் கட்டியதால் நமக்கு அது வராமல் இருக்காது. வரப்புப் புல்லில் வெறுமனே உட்காராமல் இருப்பதும், வயலிலிருந்து வந்ததும் குளித்துத் துணி மாற்றுவதும்தான் வழி. காய்ச்சலோடு உடம்பில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கணக்குப்படி பார்த்தால் காலருக்கு நியாயம் இருக்கிறது. ஜனவரி 28-ல் மேட்டூர் மூடிய பிறகு வாய்க்கால் காய்ந்து கிடக்கும், வெயிலில் உண்ணியும் பெருகும், அந்த மாதங்களுக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஆனாலும் எட்டு மாதக் காசைக் கொடுத்துவிட்டு ஜூனில் கழற்றி ஆணியில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. மணிக்கு இப்போது மூன்று மாத மாத்திரைதான், டாக்டரைக் கேட்டு எடை பார்த்து வாங்கியது. நண்பருடைய நாய் மாடி வீட்டு நாய், குழாய்த் தண்ணீரைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடும். அவர் தாராளமாக வாங்கலாம். எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.