கல்லறைக் கல் செதுக்கும் கடை, கீழ்ப்பாக்கம் – 4/5

மாமியாருக்குக் கல் வைக்க, கீழ்ப்பாக்கம் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கடை ஒன்றுக்குப் போனோம். போர்டு இல்லை, கட்டர் மெஷின் சத்தம்தான் அடையாளம். கல்லின் நிறம், அளவெல்லாம் அப்புறம். கடைக்கார அண்ணன் முதலில் கேட்டது எந்தக் கிறிஸ்தவச் சபை என்றுதான்: "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேவா?"

எங்கள் வீட்டில் அதுதான் சிக்கலே. மாமியார் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். என் வீட்டுக்காரரும் அப்படியே. "ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கீழே போடச் சொன்னார். உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்குப் போகும் முன் சுத்தமாகிற நிலையில், இருக்கிற ஆன்மாவுக்கு நம் ஜெபமும் பூசையும் உதவும் என்பது அவர்கள் விசுவாசம். கொழுந்தனார் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டவர். "ஒரேதரம் மரிப்பது, பின்பு நியாயத்தீர்ப்பு, எபிரெயர் 9:27. நடுவுல ஏது ஸ்தலம்?" என்று கடையிலேயே பைபிள் வசனத்தோடு ஆரம்பித்துவிட்டார். நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவள். எங்கள் பக்கமும் செத்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. ஆனாலும் மருமகள் வாயைத் திறக்கிற இடமா அது?

அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, "அம்மா எந்தக் கோயிலுக்குப் போனாங்க?" என்று மட்டும் கேட்டார். வேண்டுதல் வரியைப் போடுவது என்று அதோடு முடிவானது. கொழுந்தனாருக்காக மேலே 1 தெசலோனிக்கேயர் 4:16, "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்." உயிர்த்தெழுதலில் யாருக்கும் சண்டை இல்லை. இந்த ஞானம் பல போதகர்களுக்கே கிடையாது, சும்மா சொல்கிறேன்.

மாதிரி ஆல்பத்தில் பரதீசு, வாசஸ்தலம், கண்ணீர் துடைக்கிற வசனம் எல்லாம் இருக்கிறது. நரகத்தைப் பற்றி? "இதுவரைக்கும் ஒருத்தரும் ஆர்டர் குடுக்கலைம்மா" என்றார்.

கூலி எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. புள்ளிக்குக் காசு வாங்கவில்லை. கறுப்பு கிரானைட்டில் செதுக்கல் நல்ல ஆழம், ஒரு பிழை கிடையாது. ஒரு நட்சத்திரம் குறைத்தது தங்க நிற பெயின்டுக்கு: முதல் மழையிலேயே மங்கிவிட்டது. சொன்னதும் ஆளை அனுப்பி இலவசமாகத் திரும்ப அடித்துக் கொடுத்தார். ஆனாலும் நீங்கள் பெயின்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆழமாக வெட்டினாலே தெளிவாகத் தெரிகிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் கல் வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். அக்டோபரில் போனால் அண்ணன் முகம் பார்த்துப் பேசக்கூட நேரம் இருக்காது.