மூன்று வெள்ளை ஊசிகள்: நாட்ரோலைட், மெசோலைட், ஸ்கோலசைட்

பசால்ட் பாறையின் பொந்துக்குள் வெள்ளை ஊசிகள் விசிறிபோல் விரிந்திருந்தால் பெரும்பாலும் ஜியோலைட்தான், அதாவது நுண்துளைகளில் தண்ணீரைத் தாங்கும் கனிம வகை. எந்த ஜியோலைட் என்பதில்தான் தகராறு.

கையில் வைத்துச் சொல்லும் வழிகள் இங்கே பலிக்காது. மூன்றின் கடினத்தன்மையும் மோஸ் அளவில் 5-ஐ ஒட்டியே இருக்கும். ஒப்படர்த்தியும் மூன்றுக்கும் 2.25-ஐச் சுற்றித்தான், மயிரிழை ஊசியில் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. பட்டுநூல் மினுமினுப்பும் பொது.

மூன்றுக்கும் அணுக்கள் கோத்த சட்டகம் ஒன்றே. அதன் துளைகளில் நாட்ரோலைட்டுக்குச் சோடியம், ஸ்கோலசைட்டுக்குக் கால்சியம், மெசோலைட்டுக்கு இரண்டும். தண்ணீரின் அளவும் மாறும். இதைக் காட்டிக்கொடுப்பது ஒளிதான்.

நாட்ரோலைட்டின் ஒளிவிலகல் எண் (ஒளி உள்ளே எவ்வளவு மெதுவாகிறது என்பதன் அளவு) 1.473 முதல் 1.496 வரை. மெசோலைட் 1.505 பக்கம், ஸ்கோலசைட் 1.51 முதல் 1.52 வரை. ஆகவே 1.50 எண் கொண்ட திரவத்தில் ஊசித் தூளைப் போட்டு, நுண்ணோக்கிக் குழாயை மெல்ல உயர்த்துங்கள். விளிம்பிலுள்ள வெளிச்சக் கோடு திரவத்தின் பக்கம் விலகினால் நாட்ரோலைட். ஊசிக்குள் புகுந்தால் மற்ற இரண்டில் ஒன்று.

அந்த இரண்டையும் பிரிக்க, குறுக்காக வைத்த இரு போலராய்டுகளுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) நடுவே பாருங்கள். ஸ்கோலசைட் சாம்பல் வெள்ளையாய் ஒளிரும். மெசோலைட்டை எப்படிச் சுழற்றினாலும் ஏறக்குறைய இருட்டுதான். ஸ்லைடே காலியோ என்று தோன்றும். காரணம் அழகானது. நாட்ரோலைட்டில் ஊசியின் நீளவாக்கில் அதிரும் ஒளி மெதுவாகப் போகிறது, ஸ்கோலசைட்டில் வேகமாக. மெசோலைட்டிலோ சோடிய அடுக்கு ஒன்று, கால்சிய அடுக்கு இரண்டு என்று மாறிமாறி வருவதால், ஒன்றின் விளைவை மற்றது கிட்டத்தட்ட கழித்துவிடுகிறது. மிஞ்சும் இரட்டை விலகல், அதாவது ஒரே ஊசியின் ஒளிவிலகல் எண்களுக்குள் உள்ள வித்தியாசம், 0.001 அளவுதான், நாட்ரோலைட்டுக்கோ 0.012.

சுழற்றும்போது ஸ்கோலசைட் ஊசி போலராய்டின் திசைக்குச் சாய்வாக நிற்கையில் இருளும், சாய்வு சுமார் 18 பாகை வரை என்று பாடத்தில் படித்திருப்போம். அதை மட்டும் நம்ப மாட்டேன். ஊசி வேறு பக்கமாகப் படுத்தால் நேராகவே இருண்டு ஏமாற்றும். சுடரில் காட்டினால் புழுவாய் நெளியும் என்பதால்தான் கிரேக்கத்தில் அந்தப் பெயர்; ஆனால் மாதிரி பாழ்.

ஒரே ஊசியில் அடி ஒரு கனிமமாகவும் நுனி இன்னொன்றாகவும் வளர்ந்திருப்பதுண்டு. தூள் எடுக்கும்போது இரண்டு முனையிலிருந்தும் தனித்தனியாக எடுங்கள்.