ஹட்டனிலிருந்து கண்டிக்குக் கோல் மாற்ற மூன்று வழி

போகவந்தலாவையிலிருந்து ஒரு அம்மா ஹட்டன் கிளைக்கு எடுத்து, மகனின் கடன் விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்கிறார். விவரம் கண்டித் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. "கொஞ்சம் இருங்கம்மா, கண்டிக்கு மாத்தி விடுறேன்" என்ற பிறகு லைன் அறுந்தால், அவர் மறுபடி காசு செலவழித்து, முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கிளைக்கு ஃபோன் பொருத்தும்போது நான் முதலில் நினைப்பது இவரைத்தான்.

சாதாரண லைன் வழியாகவே கண்டியின் 081 இலக்கத்துக்கு மாற்றுவது பழைய வழி. இன்டர்நெட் வேண்டாம். ஆனால் ஒரே கோலுக்குக் கிளையின் இரண்டு லைன்கள் போய்விடும். இரண்டாவதற்குக் கட்டணம் கிளையின் தலையில். கண்டியில் திரையில் விழுவதும் ஹட்டன் இலக்கம்தான், அந்த அம்மாவுடையது இல்லை.

ஹட்டன் ஃபோன்களை இன்டர்நெட் வழியாக நேரே கண்டி பிபிஎக்ஸில் (அலுவலக ஃபோன்களை இணைக்கும் சுவிட்ச்போர்டு) பதிவு செய்தால் எல்லாமே ஒரே சிஸ்டம். மாற்றுவது பக்கத்து மேசைக்கு மாற்றுவது போலத்தான். மழைக்காலத்தில் இன்டர்நெட் இணைப்பு விழுந்தால்தான் சிக்கல்: ஹட்டனுக்குள்ளேயே அடுத்த அறைக்குக்கூடப் பேச முடியாது. என்னைக் கேட்டால், மலையகக் கிளைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு மூன்றாவது. ஹட்டனில் சிறிய பிபிஎக்ஸ் ஒன்றை வைத்து, கண்டியோடு ட்ரங்க், அதாவது இரண்டு பிபிஎக்ஸுக்கும் நடுவே ஓர் இணைப்பு, போட வேண்டும். கண்டிக்கு 2இல் தொடங்கும் உள் இலக்கங்கள், ஹட்டனுக்கு 4இல் தொடங்குபவை என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். 215க்கு மாற்றும்போது "அப்படி ஓர் இலக்கம் இல்லை" என்று வந்தால், பெரும்பாலும் ஹட்டன் டயல்பிளானில் (எந்த இலக்கம் எங்கே போக வேண்டும் என்று பிபிஎக்ஸில் எழுதும் பட்டியல்) 2 வரிசையைச் சேர்க்க மறந்திருப்பீர்கள்.

ட்ரங்கை சிப் (SIP) என்ற இன்டர்நெட் ஃபோன் முறையில் போட்டால், கோலைத் தொடங்கி முடிக்கும் சமிக்ஞைக்கு 5060 என்ற போர்ட், குரலுக்குத் தனிப் போர்ட் வரிசை. நடுவில் ரவுட்டரின் சிப் ஏஎல்ஜி (சிப் தகவல்களைத் தானாக மாற்றி எழுதும் வசதி) கை வைத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும், அதை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஆஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருள் என்றால் அதன் ஐஏஎக்ஸ்2 முறை இலகு, 4569 என்ற ஒரே போர்ட் போதும். எதுவானாலும் விபிஎன் என்ற பூட்டிய பாதைக்குள்ளே ஓட விடுங்கள். ட்ரங்கில் வரும் கோலுக்கு உள் இலக்கங்களை மட்டும் திறந்துவிடுங்கள். வெளி லைனையும் திறந்தால், யாராவது உள்ளே புகுந்து வெளிநாட்டுக்கு அடித்துத் தீர்ப்பார்கள்.

குரலைத் தரவாக மாற்ற ஜி.711, ஜி.729 என்று இரண்டு முறைகள். ஒரு கோலுக்கு ஜி.711இல் ஒரு திசைக்குச் செக்கனுக்குச் சுமார் 87 கிலோபிட், ஜி.729இல் சுமார் 31. கண்டியிலிருந்து வந்த கோலை ஹட்டன் மீண்டும் கண்டிக்கே மாற்றினால், அது ட்ரங்கில் இரண்டு கோலாக நிற்கலாம். மெலிந்த இணைப்பில் ஜி.729தான் தாங்கும்.

ட்ரங்க் விழுந்தால் பழைய 081 வழிக்குத் தானாகப் போகும்படி டயல்பிளானில் அடுத்த வரியாக எழுதுங்கள். ஊழியர்களுக்கு, கண்டியில் ஃபோனை எடுத்தவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு மாற்றும் முறையைப் பழக்குங்கள். கடைசியாக ரவுட்டரின் இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு, 401இலிருந்து 402க்கும் பிறகு 215க்கும் அடித்துப் பாருங்கள். இரண்டும் மணி அடித்தால் வேலை முடிந்தது.