அதே கேபினெட்டுக்குள் 54,700 ரூபாய்

2018 கடைசியில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர் இது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ரேம், திரைக்குப் படம் வரைந்து தரும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு ஹார்ட் டிஸ்க். அதன் பிறகு துண்டு துண்டாக 54,700 ரூபாய் போட்டிருக்கிறேன். கழற்றிய கார்டையும் பிராசசரையும் விற்றதில் 8,500 திரும்பியது. மிச்சம் 46,200-க்கு என்ன கண்டாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

முதலில் கைவைத்தது 2021-இல். ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி 3,900, இன்னொரு 8 ஜிபி ரேம் 3,000. அதுவரை கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத்தான் டீ வைக்கப் போவேன். டம்ளரோடு திரும்பினாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி வந்ததும் டீக்கு நேரமில்லை. ரேம் இரண்டானதும் பிராசசருக்கு நினைவகத்தோடு ஒரு வழிக்கு இரண்டு வழி கிடைத்தது. கம்ப்யூட்டர் ஆட்டம் நடுநடுவே திக்கி நின்றது வெகுவாகக் குறைந்தது. இந்த 6,900 ரூபாய் செய்த வேலையைப் பிறகு வந்த எந்த 6,900-மும் செய்யவில்லை.

புது கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காத்திருந்தேன். கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காகவே பலர் இந்தக் கார்டுகளை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் இந்தக் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும் அந்தத் தொழில் படுத்தது, விலையும் இறங்கியது. 2023 தொடக்கத்தில் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 எனக்கு 21,500-க்குக் கிடைத்தது. அரசினர் தோட்டத்தில் மெட்ரோ ஏறித் தண்டையார்பேட்டை வரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

அன்றிரவு கால்பந்து ஆட்டத்தைப் போட்டேன். திரையின் மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது கார்டு நொடிக்கு வரையும் படங்கள், 130-ஐத் தொட்டது. பழைய கார்டில் 60-ஐ எட்டுவதே பெரிது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நன்றாகத்தான் இருக்கிறது. முன்பும் இப்படித்தானே இருந்தது?" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. என் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்; நொடிக்கு அறுபது முறைக்கு மேல் அதற்குப் படம் மாற்றத் தெரியாது. அண்டா நிறையப் பொங்கிவிட்டு உழக்கால் பரிமாறிக்கொண்டிருந்தேன். கனமான ஆட்டங்கள் 25-லிருந்து 60-க்கு வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் பெரும்பாலும் ஆடுவது கால்பந்துதான்.

அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். வாசலில் தண்ணீர் ஏறியதும் முதலில் கேபினெட்டைத் தூக்கிப் பீரோவின் மேல் வைத்தேன், அரிசி மூட்டையைப் பிறகுதான். இந்த வரிசை இன்றும் வீட்டில் பேசப்படுகிறது. மின்சாரம் திரும்பிய அன்று வோல்டேஜ் ஏறி இறங்கியதில், பாகங்களுக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ் போனது. கார்டு பிழைத்தது என் அதிர்ஷ்டம். 21,500 ரூபாய்க் கார்டை மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டியவன் நான்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. புதியது 4,600.

2024-இல் பிராசசர். ஏஎம்4 என்ற பிராசசர் சாக்கெட் உள்ள மதர்போர்டின் பெருமையே இதுதான்: 2018-இல் வாங்கிய பலகையிலேயே 2022-இல் வெளிவந்த ரைசன் 5 5600 உட்காரும். விலை 10,500. பழைய பிராசசரைக் கழற்றும் முன்பே, பலகையிலேயே இருந்து கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பாதியில் கரண்ட் போனால் பலகை செத்தாலும் சாகும். என்னிடம் யுபிஎஸ் இல்லை. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஃப்ரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, திரையில் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃப்ரிட்ஜுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனம் கேட்கவில்லை.

கடைசியாக, முதலில் வாங்கியிருக்க வேண்டிய பொருளை வாங்கினேன்: 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், 11,200. நண்பர்களிடம் பட்டுப்போல ஓடுகிறது என்று பெருமையடித்தேன். மூன்று வாரம் கழித்து அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். விண்டோஸ் அமைப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இது இன்னும் அறுபதில்தானே இருக்கிறது?" என்றான். அதை மாற்ற அவனுக்கு நான்கு சொடுக்குப் போதுமாக இருந்தது. அதன் பிறகு பந்து நகர்வதைப் பார்த்தபோதுதான் 2023-இல் கொடுத்த 21,500-க்குப் பொருள் விளங்கியது.

கரண்ட் கணக்கு பயந்த அளவுக்கு இல்லை. முழு வேகத்தில் கம்ப்யூட்டர் சுமார் 250 வாட் இழுக்கிறது என்று வைத்தால், தினம் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 45 யூனிட். கோடையில் ஏசியும் ஓடும்போது அந்த 45 உங்களை 500 யூனிட்டுக்கு மேல் தள்ளினால்தான் வலிக்கும். தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளின் கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது.

எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை, காற்று. கடல் உப்பும் லாரித் தூசியும் சேர்ந்து விசிறி இறக்கைகளில் கண்மைபோல ஒட்டுகிறது. ஊதினால் போகாது, பிரஷ் வேண்டும். இரண்டு முறை கம்ப்யூட்டர் திரை வராமல் கிடந்தது. ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டியதும் வந்துவிட்டது. ரப்பர் ஐந்து ரூபாய். 54,700-இல் அதைச் சேர்க்கவில்லை.