மேற்கத்திய பாப் இசைக்குப் புதியவரைப் பழக்க: நீண்ட நாள் பயன்பாட்டில் நிலைத்த ஒரு வரிசை

'எக்காலத்துக்கும் சிறந்த 100 பாடல்கள்' போன்ற பட்டியலைப் புதியவர் கையில் கொடுத்தால் பெரும்பாலும் பாதியிலேயே ஓய்ந்துவிடுவார். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் என்ன உறவு என்றே அவருக்குப் பிடிபடாது. பல வருஷமாகப் பலரைக் கேட்கவைத்துப் பார்த்ததில், எங்களுக்குக் கைகொடுத்த வழி வேறு: ஒரே சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு, அது எத்தனை வேஷம் கட்டுகிறது என்று காட்டுவது.

அதற்குப் பொருத்தமானது 12 பார் ப்ளூஸ்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் வேரூன்றிய, 12 பார் (தாளத்தின் சிறு அளவு) கொண்டு சுற்றிச் சுற்றி வரும் அமைப்பு. ஒரு பாருக்கு 4 எண்ணிக்கை, மொத்தம் 48. கையில் ஆதி தாளம் போடத் தெரிந்தவருக்கு இது 6 ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஒரே கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) நிற்கும். மூன்றாவதில் நான்காம் கார்டுக்கு (ஸ்வர வரிசையின் நான்காம் ஸ்வரத்தின் மேல் அமைவது) ஏறும், நான்காவதில் திரும்பி வரும். ஐந்தாவது ஆவர்த்தனம் ஐந்தாம் கார்டில் தொடங்கும். இழுவிசை அதிகம் உள்ள இடம் அதுதான். ஆறாவதில் மறுபடி தொடங்கிய இடம். தாளம் தெரியாதவர் விரல்விட்டு 12 வரை பாரை எண்ணினாலே போதும்.

ஜேம்ஸ் பிரவுனின் 'ஐ காட் யூ' (1965) முதலில். வேகம் மிதம், பித்தளை வாத்தியங்கள் மாற்றங்களைத் தெளிவாகச் சொல்லிவிடும். இரண்டு சுற்று முடிந்ததும் 8 பார் கொண்ட வேறொரு பகுதி வரும். பலரும் கணக்குத் தப்பிப்போவது அங்கேதான். எண்ணுவதை நிறுத்திவிட்டு, பல்லவி திரும்பியதும் தொடரச் சொல்லுங்கள். அடுத்து சக் பெரியின் 'ஜானி பி. குட்' (1958), பீட்டில்ஸின் 'கான்ட் பை மீ லவ்' (1964, சரணங்கள் மட்டும்தான் 12 பார்), லெட் செப்பலினின் 'ராக் அண்ட் ரோல்' (1971, சட்டகம் 24 பாராக நீள்கிறது), கடைசியாகப் பிரின்ஸின் 'கிஸ்' (1986). அந்தக் கடைசிப் பாட்டில் பேஸ் கித்தாரே (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் கித்தார்) கிடையாது. சோல், ராக் அண்ட் ரோல், பாப், ஹார்ட் ராக், ஃபங்க் என்று ஐந்து வகை ஒரே உட்காரலில் கேட்டாயிற்று.

இரண்டாம் வரிசை பேஸ் கித்தாரைப் பிடித்துப் போவது. சிக் குழுவின் 'குட் டைம்ஸ்' (1979) பாட்டில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த பேஸை மட்டும் வாயால் முணுமுணுக்கும் வரை திரும்பத் திரும்பக் கேட்கவைக்க வேண்டும். பிறகு அதே ஆண்டின் ராப் பாட்டு 'ராப்பர்ஸ் டிலைட்'. பதிவை வெட்டி ஒட்டாமல், ஸ்டூடியோ கலைஞர்கள் அந்த பேஸையே புதிதாக வாசித்தார்கள். அடுத்த ஆண்டு ராக் குழுவான குயினின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்', அதன் பேஸிலும் 'குட் டைம்ஸ்' சாயல் கேட்கும். டிஸ்கோவுக்கும் ராப்புக்கும் ராக்குக்கும் நடுவே சுவரே இல்லை என்பதை இந்த மூன்றும் சொல்லிவிடும். எலக்ட்ரானிக் பக்கம் போக, க்ராஃப்ட்வெர்க்கின் 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' (1977), அதன் மெட்டை எடுத்தாண்ட நியூயார்க்கின் 'ப்ளானட் ராக்' (1982) இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் போதும்.

கருவி விஷயத்தில் சில எச்சரிக்கை. பீட்டில்ஸின் முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யின் ஸ்டீரியோ பதிப்பில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். ஒரே காதில் இயர்போன் செருகிக் கேட்பவருக்குப் பாதிப் பாட்டு காணாமல் போகும். இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிப்பைத் தேடுங்கள்; கிடைக்காவிட்டால் போனின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ'வை இயக்குங்கள். பழைய பாடகர்கள் பலர் தங்கள் ஹிட்களைப் பிற்காலத்தில் வேறு லேபிளுக்கு மறுபடி பாடிக் கொடுத்திருக்கிறார்கள்; சக் பெரியும் 1960களின் பிற்பகுதியில் அப்படிச் செய்தார். அவர் முதலில் பாடிய செஸ் லேபிளின் மூலப் பதிவுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், சக்தியெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாட்டுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து ஓடுகிற பீட்டில்ஸின் 'அபே ரோடு' இரண்டாம் பக்கத்துக்கும் பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்துக்கும் ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஆட்டோப்ளேயும் வேண்டாம், மூன்று பாட்டுக்குப் பிறகு ஆப் ஒரே ரகத்தைத்தான் ஊட்டும்.

முதல் சில முறை வரிகளைத் துரத்த வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் நல்லது. உச்சரிப்போடு மல்லுக்கட்டினால் தாளம் காதில் ஏறாது. ராப்புக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும்.

இந்த முறை சறுக்கும் இடம் மெட்டல் எனும் கனமான ராக் வகை. சட்டகம் புரிந்தாலும் ஒலியின் கனம் புதியவரைத் தள்ளிவிடும். அதனால் பர்மிங்ஹாம் குழுவான ப்ளாக் சபாத்தின் முதல் ஆல்பம் (1970) வழியாகத்தான் நுழைய வேண்டும். ப்ளூஸ் வாசம் அதில் இன்னும் இருக்கிறது. தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்த அந்தக் குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, கம்பிகளைத் தளர்த்தி வாசித்ததில் பிறந்த கனமான ஒலியை 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் (1971) நன்றாகக் கேட்கலாம். அங்கிருந்து வருஷம் வருஷமாக முன்னால் வந்தால் காது பழகிவிடும். இன்றைய எக்ஸ்ட்ரீம் மெட்டலில் தொடங்கினால் முதல் நிமிஷத்திலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.